சீலா மீன் போட்டால் புது பில் திறக்குது: டெஸ்க்டாப்போடு ஒட்டாத செயலிக்கு அறிகுறி வாரியாக வைத்தியம்

மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு மீன் வாடிகளுக்கும் ஐஸ் கம்பெனிகளுக்கும் ஏலக் கணக்கு, பில் போடும் செயலி எழுதிக் கொடுக்கிறேன். மொழி பைத்தான், விண்டோவும் பட்டனும் தரும் டூல்கிட் ஜி.டி.கே. 4. ஓடுவது பெரும்பாலும் பழைய கணினிகளில் ஏற்றிய உபுண்டு, மின்ட் என்ற லினக்ஸ்களில். பாம்பனில் இருந்து தொண்டி வரைக்கும் ஆட்கள் போன் போடுவார்கள், ஆனால் கூட்டல் தப்பு, பாக்கி தப்பு என்று வந்த போன்கள் ரொம்பக் குறைவு. வருவதெல்லாம் "ஐகானைக் காணோம்", "தமிழ் அடிக்க முடியல", "ஃபைலைத் தொட்டா வேற எதுவோ திறக்குது" ரகம்தான்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். பார்த்தால் காரணம் இரண்டே இரண்டு. ஒன்று, செயலி தான் யார் என்பதை டெஸ்க்டாப்பிடம் ஒழுங்காகச் சொல்லவில்லை. இன்னொன்று, டெஸ்க்டாப் பார்க்க வேண்டிய வேலையை நானே பார்க்கிறேன் என்று குறுக்கே போய் நின்றது. கீழே அந்த நோட்டுதான், போனில் கேட்ட வார்த்தையே தலைப்பு. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

"டெர்மினல்ல ஓடுது, மெனுல அழுத்துனா ஒண்ணும் நடக்கல"

முதலில் செயலியின் பெயர், ஐகான், ஓட்டும் கட்டளை எல்லாம் எழுதியிருக்கும் .டெஸ்க்டாப் கோப்பைப் பாருங்கள். 2000-இல் ஹேவக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பு வகுத்த முறை இது, க்னோம், கே.டி.இ., சின்னமன் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்கள் எல்லாமே இதைத்தான் படிக்கின்றன. அதை வைக்கும் இடம்: உங்கள் ஒருவருக்கு மட்டும் என்றால் ஹோம் அடைவுக்குள் .லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ். எல்லாருக்கும் என்றால் யூ.எஸ்.ஆர்.-க்குள் ஷேர், அப்ளிகேஷன்ஸ்.

நான் பண்ணிய தப்பு என்னவென்றால், ஓட்ட வேண்டிய கட்டளையைச் சொல்லும் எக்ஸெக் வரியில் ஹோம் அடைவைக் குறிக்க அலைக்குறி போட்டிருந்தேன். அந்த வரி, டெர்மினலில் கட்டளையைப் படித்து ஓட்டும் ஷெல் வழியாக ஓடுவதில்லை, அதனால் அலைக்குறியும் டாலர் போட்ட மாறியும் விரியாது, எழுதியபடியே ஒரு கோப்பைத் தேடும், கிடைக்காது, சத்தம் போடாமல் விட்டுவிடும். முழுப் பாதையை எழுதுங்கள், பாதையில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோள் போடுங்கள். டிரை-எக்ஸெக் வரி வைத்திருந்து அதில் சொன்ன கோப்பு அந்த இடத்தில் இல்லையென்றால் மெனுவிலேயே தெரியாமல் போகும்.

பாதை சரி, ஆனாலும் வந்த வேகத்தில் மறைகிறது என்றால் பெரும்பாலும் வேலை அடைவுதான் பிரச்சினை. டெர்மினலில் நீங்கள் செயலி இருக்கும் அடைவுக்குள் நின்று ஓட்டுகிறீர்கள், மெனுவில் அழுத்தும்போது அது பொதுவாக ஹோமில் இருந்து கிளம்புகிறது. "படங்கள்" என்று சும்மா பெயர் மட்டும் சொல்லித் திறந்த அடைவு அங்கே ஏது? தன் கோப்பு எங்கே இருக்கிறது என்று செயலியே கண்டுபிடித்து அதிலிருந்து பாதையைக் கட்டட்டும். பிழைச் செய்தி எங்கே போகிறது என்று தேட வேண்டாம், க்னோமில் மெனுவழி ஓடும் செயலியின் புலம்பல் எல்லாம் சிஸ்டத்தின் பதிவேடான ஜர்னலில் விழும்; ஜர்னல்-சி.டி.எல். கட்டளையை யூசர், ஃபாலோ என்ற இரண்டு தெரிவுகளோடு ஒரு டெர்மினலில் ஓடவிட்டு, மெனுவில் அழுத்திப் பாருங்கள்.

.டெஸ்க்டாப் கோப்பில் தப்பு தேட டெஸ்க்டாப்-ஃபைல்-வேலிடேட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. இரண்டு விநாடி வேலை. பட்டியல் வரியின் முடிவில் அரைப்புள்ளியை விட்டிருந்தால்கூடச் சொல்லும். நான் அதை ஓட்டாமல் ஒரு சாயங்காலம் முழுக்க முழித்தவன்.

பெயர் விஷயமும் இங்கேயே. நேம் வரிக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் தமிழைக் குறிக்கும் டி-ஏ போட்டு இன்னொரு நேம் வரி எழுதினால் தமிழ் டெஸ்க்டாப்பில் "ஏலக் கணக்கு" என்றே தெரியும். ஆனால் இங்கே முக்கால்வாசிப் பேர் டெஸ்க்டாப்பை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தேடும்போது மட்டும் தமிழில் அடிப்பார்கள். அவர்களுக்காகப் பொதுவான கீவேர்ட்ஸ் வரியிலேயே மீன், ஏலம், பில் என்று தமிழிலும் சேர்த்துவிடுங்கள், கோப்பு எல்லா மொழிக்கும் பொதுவான யூ.டி.எஃப்-8 குறியாக்கம்தான், தாராளமாக ஏற்கும்.

"ஐகான் ரெண்டா தெரியுது, ஒண்ணு பல்சக்கரமா இருக்கு"

கீழே டாக்கில் பின் பண்ணி வைத்த ஐகானை அழுத்துகிறார், செயலி திறக்கிறது, ஆனால் அந்த ஐகானுக்குக் கீழே புள்ளி வராமல் பட்டையின் கடைசியில் பொதுவான ஒரு பல்சக்கர ஐகான் புதிதாக முளைக்கிறது. தேவிபட்டினத்தில் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு வைரஸ் என்றே முடிவு கட்டிவிட்டார்.

விசைப்படகுக்கு டி.என். 10 எம்.எம். என்று தொடங்கும் பதிவு எண் உண்டு இல்லையா? படகில் எழுதியிருப்பதும் டோக்கன் சீட்டில் இருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் இது அந்தப் படகு என்று ஒத்துக்கொள்வார்கள். இங்கேயும் அதேதான். விண்டோ திறந்தவுடன் டெஸ்க்டாப் அதனிடம் "உன் எண் என்ன" என்று கேட்கிறது. விண்டோவைத் திரையில் காட்டும் ஏற்பாடு லினக்ஸில் இரண்டு: புதிய வேலாண்டில் அந்த எண்ணுக்குப் பெயர் ஆப்-ஐடி, பழைய எக்ஸ்11-இல் டபிள்யூ.எம்.-கிளாஸ். விண்டோ சொல்லும் பெயரும் .டெஸ்க்டாப் கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் பின் பண்ணிய ஐகானிலேயே புள்ளி விழும். ஒத்துப்போகவில்லை என்றால் ஊர் பேர் தெரியாத படகு, அதற்குப் பல்சக்கரம்.

சோதிக்க: க்னோமில் ஆல்ட்-எஃப்2 அழுத்தி எல்-ஜி என்று அடித்தால் லுக்கிங் கிளாஸ் என்ற ஆய்வுக் கருவி திறக்கும், அதில் விண்டோஸ் பகுதிக்குப் போனால் ஒவ்வொரு விண்டோவும் என்ன பெயர் சொல்கிறது, எந்தச் செயலியோடு டெஸ்க்டாப் அதைச் சேர்த்திருக்கிறது என்று இரண்டும் தெரியும். எக்ஸ்11 என்றால் எக்ஸ்-பிராப் கட்டளையை ஓட்டி விண்டோவின் மேல் ஒரு சொடுக்கு.

சரிசெய்ய: ஒரே ஒரு பெயரை முடிவு செய்யுங்கள், இணைய முகவரியைத் திருப்பிப் போட்ட மாதிரி, நடுவே குறைந்தது ஒரு புள்ளியாவது இருக்க வேண்டும். தமிழ் எழுத்து இதில் போகாது, ஒவ்வொரு துண்டும் எண்ணில் தொடங்கக் கூடாது. அந்தப் பெயரையே ஜி.டி.கே. அப்ளிகேஷனின் ஐடியாகவும் .டெஸ்க்டாப் கோப்பின் பெயராகவும் ஐகான் கோப்பின் பெயராகவும் வைத்துவிடுங்கள். ஜி.டி.கே. 4 அந்த ஐடியை வேலாண்டிடம் தானே சொல்லிவிடும். ஜி.டி.கே.-க்குப் பதில் க்யூட்டி டூல்கிட் என்றால் செட்-டெஸ்க்டாப்-ஃபைல்-நேம் என்ற செயல்கூற்றை நீங்கள் அழைக்க வேண்டும், கடைசியில் .டெஸ்க்டாப் என்பதைச் சேர்க்காமல். எக்ஸ்11-க்கு .டெஸ்க்டாப் கோப்பில் ஸ்டார்ட்அப்-டபிள்யூ.எம்.-கிளாஸ் வரி கைகொடுக்கும். பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசத்தில் நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு.

ஐகானே வரவில்லை என்றால்: ஐகான் வரியில் பெயர் மட்டும் போடுங்கள், பி.என்.ஜி. என்ற ஒட்டு வேண்டாம். படம் ஹைகலர் என்ற தீமுக்குள் இருக்க வேண்டும், குறைந்தபட்சம் 48-க்கு 48 அளவு ஒன்று, கூடவே எஸ்.வி.ஜி. ஒன்று ஸ்கேலபிள் அடைவில். வைத்த பிறகும் பழைய படமே வந்தால் டெஸ்க்டாப் எடுத்து வைத்திருக்கும் ஐகான் பிரதியை, அதாவது கேஷை, புதுப்பிக்கும் கட்டளையை ஓட்டுங்கள்.

"தம்பி, சீலா போட்டா புது பில் வருது"

இதுதான் என்னை அதிகம் அலையவிட்டது. பாம்பனில் ஒரு வாடியில் பில் போடும் அக்கா போனில் சொன்னதை நான் நம்பவே இல்லை. "கணவா போட்டா ஒழுங்கா வருது தம்பி. நண்டு, பாறை எல்லாம் வருது. சீலா, காரல், வாவல் போட்டா மட்டும் புது பில் திறந்துக்கிது." மீனைப் பார்த்து ஒரு செயலி கோபப்படுமா? நேரில் போனேன். உண்மைதான். நெத்திலி அடித்தார், திறந்தது. இறால், திறந்தது. நண்டு, ஒன்றும் ஆகவில்லை.

ஒரு டீ குடித்து முடிக்கும்போதுதான் உறைத்தது: திறக்கும் பெயர்களில் எல்லாம் "ல" இருக்கிறது. அக்கா தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறார், 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு. அதில் "ல" உட்கார்ந்திருப்பது ஆங்கில "என்" விசையில். நானோ, மவுஸைத் தொடாமல் வேலை நடக்கட்டும் என்று, அந்த ஆங்கில "என்" விசையைத் தனியாக அழுத்தினால் புது பில் என்று வைத்திருந்தேன். எழுதும் பெட்டிக்குள் இருந்தால் அது எழுத்தாகத்தானே போகும் என்று நினைப்பு. நல்லவேளை, அச்சடிக்க பி விசையை வைக்கவில்லை. தமிழ்99-இல் அது "ண". வைத்திருந்தால் நண்டுக்கும் கணவாய்க்கும் பிரிண்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

நடந்தது இது. விசையை அழுத்தினால் அது முதலில் விண்டோவுக்கு வந்து, அங்கிருந்து எழுத்துப் பெட்டிக்கு இறங்கி, பெட்டி அதை ஐபஸ் போன்ற உள்ளீட்டுக் கருவியிடம் கொடுத்து, கருவி தமிழாக்கித் திருப்பித் தரும். விசையைக் கேட்கும் காதை நான் விண்டோவிலேயே, கேப்சர் கட்டத்தில் வைத்திருந்தேன், அதாவது பெட்டிக்குப் போவதற்கு முன்பே வழிமறித்துவிட்டேன். அங்கே "ல" என்று ஒன்று இன்னும் பிறக்கவே இல்லை, வெறும் "என்" தான்.

இதற்கு வைத்தியம் மூன்று, மூன்றையும் செய்யுங்கள்.

தனி எழுத்தைக் குறுக்கு விசையாக வைக்காதீர்கள், கன்ட்ரோலைச் சேர்த்து வையுங்கள். அதையும் நீங்களே விசைக் குறியீட்டை ஒப்பிட்டுப் பார்க்காமல், விசையைச் செயலோடு இணைக்கும் டூல்கிட்டின் ஆக்‌ஷன், ஆக்ஸல் ஏற்பாட்டில் பதியுங்கள். ஏனென்றால் தமிழ் விசைப்பலகையை ஐபஸ் இல்லாமல் நேரடி அமைப்பாகச் சேர்த்திருப்பவரிடம் கன்ட்ரோலோடு வருவது "என்" ஆக இராது, தமிழ் எழுத்தாகவே வரும். நீங்கள் கையால் எழுதிய ஒப்பீடு அங்கே தோற்கும், டூல்கிட்டுக்குப் பக்கத்து ஆங்கில அமைப்பையும் பார்க்கத் தெரியும்.

அடுத்தது, விசையைக் கேட்டே ஆக வேண்டும் என்றால் பபிள் கட்டத்தில் கேளுங்கள். பெட்டியும் உள்ளீட்டுக் கருவியும் தங்களுக்கு வேண்டாம் என்று விட்டதுதான் அங்கே மேலே வரும்.

மூன்றாவது என்டர் விசை. ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்களுக்குச் சொல் முழுவதும் அடிக்கோட்டோடு தொங்கிக்கொண்டு நிற்கும், கீழே பரிந்துரைப் பட்டியல் விரியும், அதை ஏற்கத்தான் என்டர் அடிப்பார்கள். என் செயலி அந்த என்டரைப் பிடுங்கி பில்லைச் சேமித்தது, மீன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. விசையைப் பார்க்காதீர்கள், பெட்டி தரும் ஆக்டிவேட் சமிக்ஞையைக் கேளுங்கள். தேடலும் அப்படித்தான், எழுத்து மாறியது என்ற சமிக்ஞை வந்த பிறகு வடிகட்டினால் போதும்.

சொந்தமாக எழுத்துப் பெட்டி வரைந்துகொள்பவர்களுக்கு, கேன்வாஸில் எல்லாம் தானே தீட்டுபவர்களுக்கு, ஒரு வார்த்தை: அழகாக இருக்கும், தமிழ் ஏறாது. உள்ளீட்டுக் கருவியோடு பேசும் பாகத்தை நீங்களே எழுதும்வரை ஏறாது, எழுதி முடிக்கும்போது டூல்கிட்டின் பெட்டியைப் போட்டிருக்கலாமே என்று தோன்றும்.

"பில்லுல நெத்தின்னு வருது"

நெத்திலி 40 கிலோ எடுத்தவருக்கு "நெத்தி 40 கிலோ" என்று அச்சாகியிருந்தது. ஏலத்தில் சிரிப்பு அடங்க நேரமானது. பெயருக்கு 18 இடம் என்று ஒதுக்கி, யூ.டி.எஃப்-8 பைட்டாக மாற்றிய பிறகு வெட்டியிருந்தேன். கண்ணுக்கு நெத்திலி 4 எழுத்து, தமிழ்99-இல் 7 விசை, யூனிகோடில் 8 குறி, குறிக்கு மூன்று வீதம் 24 பைட். பதினெட்டில் வெட்டினால் சுத்தமாக "நெத்தி". இருபதில் வெட்டியிருந்தால் பாதி உடைந்த எழுத்து கட்டமாக வந்து முதல் நாளே மாட்டியிருப்பேன், பதினெட்டு மூன்றால் வகுபடுவதால் தப்பு நேர்த்தியாக ஒளிந்துகொண்டது. கணவாய் சரியாகப் 18 பைட், அது பிழைத்தது.

எழுத்தை எண்ணி இடம் ஒதுக்காதீர்கள். எழுத்தை அடுக்கும் நூலகமான பேங்கோவிடம் கொடுத்து எத்தனை பிக்சல் அகலம் என்று அளந்து, நீளம் அதிகமானால் முடிவில் புள்ளிகள் வைக்கச் சொல்லுங்கள். பில் பிரிண்டரில் தமிழ் எழுத்துரு பொதுவாக இருக்காது, நானும் வரியைப் படமாக வரைந்துதான் அனுப்புகிறேன், அதனால் அளப்பது எப்படியும் கையிலேயே இருக்கிறது.

"பட்டன்ல பாதி எழுத்துதான் தெரியுது"

பட்டனுக்கு 80 பிக்சல் அகலம், 24 பிக்சல் உயரம் என்று நீங்கள் நிர்ணயித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் சேவ் என்று இருந்தவரை அடங்கியது. "சேமித்து அச்சிடு" அடங்காது, அதோடு தமிழில் மேலே கொக்கியும் கீழே சுழியும் உண்டு, வரி உயரமும் அதிகம் கேட்கும். அகல உயரத்தை அழித்துவிட்டுப் பெட்டி அடுக்கும் வேலையை டூல்கிட்டிடம் விடுங்கள். திரையை 125 சதவீதம், 200 சதவீதம் என்று பெரிதாக்கிப் பாருங்கள். இங்கே கணக்குப் பார்ப்பவர்கள் நிறையப் பேருக்கு வெள்ளெழுத்து, எழுத்தைப் பெரிதாக்கித்தான் வைத்திருப்பார்கள், அதை உங்கள் செயலி மதிக்கவில்லை என்றால் மூக்குக் கண்ணாடியை மாற்றச் சொல்வதற்குச் சமம்.

எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தால் அது வேறு கதை, அந்தக் கணினியில் தமிழ் எழுத்துருவே இல்லை. எஃப்.சி.-லிஸ்ட் கட்டளையில் மொழி டி-ஏ என்று கேட்டால் எது எது இருக்கிறது என்று வந்துவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ் பொதியை உங்கள் செயலியின் சார்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். செயலிக்குள் எழுத்துருவின் பெயரைக் குறிப்பிட்டுக் கட்டிப்போடாதீர்கள். பழைய விலைப்பட்டியலை ஒட்டும்போது ஆங்கிலக் குப்பையாக வந்தால் அது பாமினி போன்ற பழைய குறியாக்கம், யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை.

"கணக்கு ஃபைலைத் தொட்டா எடிட்டர்ல திறக்குது"

என் செயலி கணக்கை ஜேசன் என்ற எழுத்து வடிவில், சொந்த ஒட்டுப்பெயரோடு சேமிக்கிறது. உள்ளே பார்த்தால் எழுத்துதானே, டெஸ்க்டாப் எழுத்துக் கோப்பு என்று முடிவு செய்து எடிட்டரைக் கூப்பிடுகிறது. இந்த ஒட்டுப்பெயர் வந்தால் இந்த வகை என்று ஒரு சின்ன எக்ஸ்.எம்.எல். கோப்பு எழுதி, ஷேர் அடைவுக்குள் மைம், அதற்குள் பேக்கேஜஸில் வைத்து, அப்டேட்-மைம்-டேட்டாபேஸ் ஓட்ட வேண்டும். பிறகு .டெஸ்க்டாப் கோப்பின் மைம்-டைப் வரியில் அதே வகையைச் சொல்லி, அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ் ஓட்ட வேண்டும். முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவதை மறப்பதுதான் வழக்கம்.

எக்ஸெக் வரியின் கடைசியில் சதவீதக் குறியோடு ஓர் எழுத்து வேண்டும். சின்ன எஃப் என்றால் ஒரு கோப்பு, பெரிய எஃப் என்றால் பல. சின்ன எஃப் போட்டுவிட்டு ஐந்து கணக்குகளை ஒன்றாகத் தேர்ந்து திறந்தால் செயலி ஐந்து தடவை கூப்பிடப்படும். அந்தக் குறியை மேற்கோளுக்குள் வைக்கவே வைக்காதீர்கள்.

செயலி பக்கத்தில் ஹேண்டில்ஸ்-ஓப்பன் என்ற கொடியை ஜி.டி.கே. அப்ளிகேஷனுக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் "இந்தச் செயலியால் கோப்புகளைத் திறக்க முடியாது" என்று ஆங்கிலத்தில் ஜர்னலில் முனகிவிட்டு நின்றுவிடும்.

நடுவில் ஷெல் ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அது முடிந்து படகு இறங்கும் நாளில் ஒருவர் "ஜூன் 15 ஏலம்" என்று புதுக் கோப்பு போட்டார். இடைவெளி இரண்டு. ஸ்கிரிப்டில் மேற்கோள் போடாததால் ஜூன் என்று ஒரு கோப்பு, 15 என்று ஒரு கோப்பு, ஏலம் என்று ஒரு கோப்பு, மூன்றும் இல்லை என்று மூன்று பிழைப் பெட்டி. வருஷத்திலேயே கூட்டம் அதிகமான காலையில்.

"டார்க்ல வச்சா ஒண்ணுமே தெரியல"

பட்டியலின் பின்னணியை வெள்ளை என்று எழுதிவிட்டு எழுத்தின் நிறத்தை சிஸ்டத்திடம் விட்டிருப்பீர்கள். டார்க்கில் எழுத்தும் வெள்ளை. இரண்டையும் நீங்கள் சொல்லுங்கள் அல்லது இரண்டையுமே விட்டுவிடுங்கள். விடுவது நல்லது. சொந்த நிறம் வேண்டுமென்றால் செயலிக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவே நிற்கும் போர்ட்டல் தரும் கலர்-ஸ்கீம் அமைப்பைக் கேட்டுப் பார்த்து நடங்கள்: 1 வந்தால் டார்க், 2 வந்தால் வெளிச்சம், 0 என்றால் அவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறும், அந்தச் சமிக்ஞையையும் கேளுங்கள். கரையில் ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டுக் கொட்டகையில் பில் போடுபவருக்கு டார்க் வேண்டும், பகல் வெயிலில் அதே ஆள் அதை அணைப்பார்.

"மூடினேன், மறுபடி எடுக்கவே முடியல"

விண்டோவை மூடினால் செயலி மூலையில் உள்ள டிரேயில் போய் ஒளிந்துகொள்ளும்படி வைத்திருந்தேன். 2017-இல் வந்த க்னோம் 3.26-லேயே அந்தப் பழைய டிரே எடுக்கப்பட்டுவிட்டது. உபுண்டுவில் அதற்கான நீட்சி கூடவே வருவதால் என் கணினியில் தெரிந்தது, வேறு விநியோகம் போட்ட கீழக்கரைக்காரரிடம் தெரியவில்லை. செயலி பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, திரும்ப அழுத்தினால் "ஏற்கெனவே ஓடுகிறது" என்று சொல்லிவிட்டு விலகுகிறது. "இருக்குன்னு சொல்லுது, எங்கன்னு சொல்ல மாட்டேங்குது தம்பி" என்றார்.

டிரேயை நம்பி எந்த முக்கியமான வேலையையும் வைக்காதீர்கள். மறுபடி அழுத்தப்படும்போது ஆக்டிவேட் சமிக்ஞை வரும், அப்போது ஏற்கெனவே இருக்கும் விண்டோவை முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள், அவ்வளவுதான். ஐடி ஒழுங்காக இருந்தால் இரண்டாவது பிரதி கிளம்பாமல் பார்த்துக்கொள்வது, செயலிகளுக்கு இடையே செய்தி கடத்தும் டீ-பஸ்ஸின் பொறுப்பு, நீங்கள் பூட்டுக் கோப்பு எல்லாம் எழுத வேண்டியதில்லை.

அறிவிப்பு வரவில்லை என்றால் மறுபடியும் அதே ஐடி கதைதான், பெயர் பொருந்தாத செயலியின் அறிவிப்பை க்னோம் காட்டாது. அப்புறம், எல்லா அறிவிப்பையும் கிரிட்டிகல் என்று அனுப்பாதீர்கள். அது தானாக மறையாது. ஐஸ் பார் தீரப் போகிறது என்பதற்கு அது தகும், பில் சேமிக்கப்பட்டது என்பதற்கெல்லாம் அறிவிப்பே தேவையில்லை.

"அப்டேட் போட்டேன், கணக்கு போச்சு"

செயலி இருக்கும் அடைவிலேயே கணக்கையும் எழுதினால் ஒன்று எழுத அனுமதி இருக்காது, அல்லது அடுத்த பதிப்பு மேலே ஏறி அழித்துவிடும். நான் அதற்கும் மேலே ஒரு படி போய் கேஷ் அடைவில் வைத்தேன். இடம் போதவில்லை என்று யாரோ கேஷைத் துடைத்தார்கள். துடைத்தவர் மேல் தப்பில்லை, அது துடைக்கத்தான் இருக்கிறது. அமைப்புகள் .கான்ஃபிக்கில், கணக்கு .லோக்கலுக்குள் ஷேரில், போனால் போகட்டும் என்பது மட்டும் .கேஷில், கடைசியாகத் திறந்த கோப்பு, விண்டோ அளவு போன்றவை .லோக்கலுக்குள் ஸ்டேட்டில். இந்தப் பாதைகளையும் கையால் எழுதாதீர்கள், எக்ஸ்.டி.ஜி. என்று தொடங்கும் மாறிகளைப் பார்த்துச் சொல்லும் செயல்கூறுகள் ஜி.டி.கே.-யோடு வரும் ஜி-லிப் நூலகத்திலேயே உண்டு.

கரண்டு போனால் கோப்பு பூஜ்யம் பைட் ஆகிறது என்ற புகாரும் இங்கே சேரும். எழுதுவதற்காகக் கோப்பைத் திறந்த கணத்திலேயே பழையது காலியாகிவிடுகிறது, எழுதி முடிப்பதற்குள் கரண்டு போனால் பழையதும் இல்லை புதியதும் இல்லை. அதே அடைவில் தற்காலிகக் கோப்பாக எழுதி, எஃப்-சிங்க் செய்து வட்டில் இறக்கி, பிறகு பெயர் மாற்றுங்கள். அடைவு வேறாக இருந்து வேறு வட்டில் போய் விழுந்தால் இந்த உத்தி பலிக்காது.

"பென்டிரைவ் தெரியல"

கோப்பு தேர்ந்தெடுக்கும் பெட்டியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தூக்கிப் போடுங்கள். டெஸ்க்டாப்பின் பெட்டியைக் கூப்பிட்டால் பென்டிரைவ், சமீபத்திய கோப்புகள், அவர் குறித்து வைத்த அடைவுகள் எல்லாம் தானாக வரும். செயலியைத் தனிமைப்படுத்தி ஓட்டும் ஃபிளாட்பேக் பொதியில் அடைத்தாலும் போர்ட்டல் வழியே வேலை செய்யும்.

விண்டோஸில் ஓட்டுபவர்களும் கேட்கிறார்கள், அங்கே நான் அதிகம் மேய்வதில்லை. டாஸ்க்பாரில் ஐகான் இரண்டாகப் பிரிந்தால் ஆப்-யூசர்-மாடல்-ஐடி பொருந்தவில்லை, எழுத்து மங்கலாகத் தெரிந்தால் செயலியின் மேனிஃபெஸ்ட் கோப்பில் திரை அடர்த்தி பற்றிய டி.பி.ஐ. அறிவிப்பு இல்லை, சேமிக்க அனுமதி இல்லை என்றால் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுதுகிறீர்கள், ஆப்-டேட்டாவுக்குப் போங்கள். பெயர்கள்தான் வேறு, நோய் அதே நோய்.

"என் கணினியில ஓடுதே"

இது வாடிக்கையாளர் சொல்வதில்லை, நாம் சொல்வது. உங்கள் கணக்கில் நீங்கள் எப்போதோ போட்ட பழைய .டெஸ்க்டாப் கோப்பு, கையால் வைத்த எழுத்துரு, கைப்பட மாற்றிய பாதை எல்லாம் கிடக்கும், அவைதான் ஓட்டையை வெளியே தெரியாமல் அடைக்கின்றன. ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் நான் கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து, மொழியைத் தமிழாக்கி, டார்க் போட்டு, 200 சதவீதத்தில் வைத்து, பொதியை அங்கே நிறுவி, மெனுவில் இருந்து மட்டும் திறந்து, தமிழ்99-இல் எல்லா மீன் பெயரையும் ஒரு சுற்று அடிக்கிறேன். இருபது நிமிஷம் ஆகும். போன தடவை சீலா, காரல், வாவல் மூன்றும் பிசகாமல் ஏறின, கணக்கு சேமித்தது, கோப்பும் திறந்தது. ஐகான் மட்டும் இல்லை. பொதியில் சேர்க்கவே மறந்திருந்தேன், என் கணக்கில் பழைய படம் ஒன்று கிடந்ததால் மூன்று மாதமாக எனக்குத் தெரியவே இல்லை.